எருக்கஞ்செடியும் பக்கத்து வீட்டுப் பெரியவரும்

அன்புள்ள மீனா,

"மினசோட்டாவின் அந்த மூலையில் அப்படி என்னதான் செய்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். இவர், படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பவேண்டும் என்கிற ஜே-1 விசாவில் வந்து படித்த டாக்டர் இல்லையா? டாக்டர்கள் வரத் தயங்குகிற ஊரில் மூன்று வருஷம் வேலை பார்த்தால் இந்தியா திரும்பவேண்டிய கட்டாயத்திலிருந்து விலக்கு கிடைக்கும். அப்படித்தான் இந்த டவுனுக்கு வந்து சேர்ந்தோம்.

வந்த இடத்தில் நான் சும்மா இருப்பேனா? இந்த மாநிலத்தில் ஒரு காலத்தில் 1 கோடியே 80 லட்சம் ஏக்கர் பிரெய்ரி புல்வெளி இருந்தது. இப்போது மிச்சம் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. எங்கள் தெருவிலோ முழுக்க ஒரே உயரத்துக்கு வெட்டிய லான்தான். நம் வீட்டு முன்னால் ஒரு துண்டு நிலத்தில் பிரெய்ரி புல்லும் மில்க்வீடும் வைத்தேன். மில்க்வீட் நம்மூர் எருக்குக்குச் சொந்தம். வாசலில் எருக்கை வளர்க்கிறாளே என்று நீயே தலையில் அடித்துக்கொள்வாய். ஆனால் மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு வேறு எதையும் தின்னாது. வீட்டுக்கு வீடு இப்படி ஒரு துண்டு விடலாமே என்று நூலகத்தில் கூட்டம்கூடப் போட்டேன். வந்தவர்கள் பிரமாதம் என்றார்கள், காபி குடித்தார்கள், போய்விட்டார்கள். ஒருவர்கூட ஒரு செடி வைக்கவில்லை.

போன கோடையில் சிகாகோ போய்த் திரும்பினால், தோட்டம் மொட்டை! டாக்டர் குடும்பத்துக்கு நேரமில்லை போலிருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரே மெஷினை ஓட்டிவிட்டார். ஓரத்தைக்கூட நூல் பிடித்ததுபோல் ஒதுக்கியிருந்தார். சாயங்காலம் பை நிறைய சுக்கினிக் காயோடு வாசலில் வந்து நிற்கிறார். பனிக்காலத்தில் கேட்காமலே நம் வாசல் பனியைத் தள்ளுகிறவரும் அவர்தான். இவரிடம் எப்படியடி சண்டை போடுவது? முறைத்தால் நானும் முறைப்பேன். இங்கே யாரும் முறைப்பதில்லை.

பக்கத்தில் சாக் சென்டர் என்று ஓர் ஊர். சின்க்ளேர் லூயிஸ் பிறந்த ஊர். இப்படிப்பட்ட ஊர்களின் அச்சுவார்த்த வாழ்க்கையைக் கிழித்து 1920-இல் 'மெயின் ஸ்ட்ரீட்' நாவல் எழுதினார். அப்போது கொதித்த ஊர், பிறகு தெருவுக்கே அவர் பெயரை வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டது. திட்டியவனையே இப்படி விழுங்கிவிட்டால் அப்புறம் யாரோடு மோதுவது?

என்னுடையதுபோல் பராமரிக்கிற தோட்டத்தை நகராட்சி தடுக்கக் கூடாது என்று 2023-இல் மாநிலச் சட்டமே வந்துவிட்டது. ஆனால் சட்டத்தைக் காட்டி அந்தப் பெரியவரை என்ன செய்ய? ஓரத்தில் இரண்டடி மட்டும் லானாக விட்டு, 'வண்ணத்துப்பூச்சித் தோட்டம்' என்று பலகை நட்டிருக்கிறேன். இப்போது அவரே போகிறவர்களுக்கு அதைக் காட்டுகிறார். என் வீட்டுக்காரருக்கு இது வெற்றியாம். எனக்கு அந்த இரண்டடி உறுத்துகிறது.

சரி, உன் பெண்ணுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளை வீட்டார் எப்படி? ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
வசந்தா