முதலில் அன்னையரிடம் மரபணு மாதிரி எடுங்கள்: இலங்கை நீதி அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நீதி அமைச்சர் அவர்களுக்கும், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் தவிசாளர் அவர்களுக்கும்,

காணாமற்போனோருக்கான நினைவுத்தூண் பற்றிப் பிறகு பேசலாம். எலும்பு யாருடையது என்று தெரியாமல் தூணில் எந்தப் பெயரைப் பொறிப்பது?

யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தி மயானத்துப் புதைகுழியில் 2025இல் மட்டும் 200க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் வெளிவந்தன. ஒப்பிட உறவினரின் மரபணு இல்லாவிட்டால் அவை பெட்டியில் இலக்கமாகவே கிடக்கும். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமற்போன பிள்ளைகளைத் தேடி வீதியோரப் பந்தல்களில் இருந்து போராடிய பெற்றோரில் பலர் இறந்துவிட்டார்கள். அவர்களோடு மாதிரிகளும் போய்விட்டன.

மாதிரி எடுப்பது பெரிய வேலை இல்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கலாம். ஆளுக்கு இரண்டு குச்சி. அல்லது விரல்நுனி இரத்தம் சில துளிகளை அதற்கான அட்டையில் இடலாம். நன்கு உலர்ந்த அட்டை குளிரூட்டி இல்லாமலே பல ஆண்டுகள் தாங்கும். ஈரத்தோடு உறையிலிட்டால் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுவிடும். தாய், தந்தை இருவரும் கிடைத்தால் மேல். ஒற்றைச் சகோதரரின் மாதிரி பெரும்பாலும் போதாது. தாய்வழி மரபணுவை மட்டும் வைத்து 'இவர் அல்ல' என்று விலக்கலாம், 'இவர்தான்' என்று சொல்ல முடியாது.

2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, செம்மணிக் குழியில் மீட்கப்பட்ட பொருட்கள் நீதிமன்ற உத்தரவின்படி மக்களுக்குக் காட்டப்பட்டன. அதை ஒரு துப்பாக மட்டும் கொள்ளுங்கள். ஒரே மாதிரிப் புத்தகப்பை எத்தனையோ பிள்ளைகளின் தோளில் தொங்கியிருக்கும்.

எலும்பை நிழலில் உலர்த்திக் கடதாசிப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பை உள்ளே வியர்க்கும். ஈர மண்ணில் பல ஆண்டு கிடந்த எலும்பில் மரபணு சிதைந்திருக்கும். கடைவாய்ப்பல்லும் தொடையெலும்பின் கெட்டியான நடுப்பகுதியும்தான் நம்பிக்கை தருபவை. ஒரே தொகுதியிலிருந்து இரண்டு துண்டு எடுத்து ஒன்றை மறுபரிசோதனைக்கு வையுங்கள்.

எலும்பின் காலக்கணிப்பில் மன்னார் புதைகுழியின் அனுபவம் போதும். அங்கிருந்து அனுப்பிய சில மாதிரிகள் பல நூற்றாண்டு பழையவை என்று 2019இல் முடிவு வந்தது. முழுக் குழி மீதிருந்த கேள்வியும் அதோடு அமுங்கியது. குழியின் ஒவ்வொரு மண் அடுக்கிலிருந்தும் தனித்தனி மாதிரி போக வேண்டும். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் வளியில் கூடிய கரிமம்-14 என்ற கதிரியக்கக் கரிமம் பல்லின் மிளிரியில் (எனாமலில்) பதிந்திருக்கும். பிறந்த ஆண்டைக்கூட ஓரளவு நெருங்கலாம். பழைய எலும்பா, போர்க்கால எலும்பா என்ற சண்டைக்கு இதுவே விடை.

கடைசியாகப் படிவம். 1995இல் படுகொலை நடந்த பொஸ்னியாவின் சிரெப்ரெனிச்சாவில் புதைகுழிகளை இயந்திரத்தால் கிளறி வேறிடங்களுக்கு மாற்றியதால் ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் கிடைத்தன. அடக்கம் செய்த பின்னும் சில குடும்பங்களுக்கு மீண்டும் அழைப்பு வந்தது. ஆகவே மாதிரி எடுக்கும் நாளிலேயே, தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு குடும்பத்திடமும் கேளுங்கள்: பின்னர் இன்னொரு துண்டு கிடைத்தால் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? சொல்வதென்றால் யாரிடம்?