ஓடைக்கரைக் குடியிருப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு என்னிடம் ஒப்படைத்த வேலைகள் இரண்டு. வெள்ளம் வீடுகளுக்குள் வராமல் ஓடையைச் சீர்செய்ய வேண்டும். அழியும் நிலையில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட நம் ஓடைச் சால்மன்களுக்கு அதனால் கேடு வரக்கூடாது. ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவும் என்றே அன்று எல்லோரும் நினைத்தோம். நானும்தான்.

ஆண்டின் பெரிய சண்டை, வளைவில் விழுந்து கிடக்கும் மரத்தைப் பற்றியது. அதை அறுத்து எடுத்தால் தண்ணீர் தடையின்றி ஓடும் என்றது ஒரு தரப்பு. அதன் அடியில் அரித்துண்டான மடுவில்தான் கோடையில் குஞ்சுகள் ஒதுங்குகின்றன என்றது மறுதரப்பு. மூன்று கூட்டங்கள் இதற்கே போயின. மண்டப வாடகை எவ்வளவு என்று பொருளாளர் சொல்வார்.

பெருமழை பெய்த இரவில் நாங்கள் மூவர் டார்ச்சுடன் போய்ப் பார்த்தோம். மரத்துக்கு மேற்புறம் நீர் ஒரு சாண்தான் ஏறியிருந்தது. சாலைக்கு அடியில் குழாய் பதித்துக் கட்டிய சிறுபாலத்தில் நிலைமை வேறு. குழாயின் வாய் மூழ்கி, மேற்புறத்தில் நீர் குளம்போல் தேங்கி நின்றது. வீடுகளுக்குள் புகுந்தது அந்தத் தேக்கம்தான். மழை ஓய்ந்தபின் கீழ்ப்புறம் போய்ப் பார்த்தால், பீறிட்ட நீர் படுகையைக் குடைந்து, குழாயின் விளிம்பு இடுப்பளவு உயரத்தில் தொங்கியது. முட்டையிட மேலேறி வரும் மீன் அங்கே துள்ளித் துள்ளிக் கான்கிரீட்டில் மோதித் திரும்புகிறது. இத்தனை ஆண்டுகள் மரத்தோடு சண்டை போட்டோம், குற்றவாளி குழாய்.

அந்தக் குழாயை எடுத்துவிட்டு அகலமான பாலம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைத் தாக்கியபோது நூற்றுக்கணக்கான சிறுபாலங்கள் சேதமடைந்தன. அங்குள்ள தேசியக் காட்டில், மீன்கள் ஏறிச் செல்வதற்காக ஓடையின் இயல்பான அகலத்தை விட்டு, அடியில் கல்லும் சரளையுமாகப் படுகையையே அமைத்துக் கட்டிய பாலங்கள் நின்றன. மியூனிக் நகரில் ஈசார் ஆற்றை 2000 முதல் 2011 வரை 8 கிலோமீட்டருக்கு அகலப்படுத்தி, கட்டுக் கரைகளைப் பிரித்ததும் வெள்ளத்துக்கும் மீனுக்கும் சேர்த்துத்தான். இவ்விரண்டையும் விண்ணப்பத்தில் குறிப்பிட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

தூர்வாரும் பணி கோடையில் நடந்தது. பெண்மீன் இலையுதிர் காலத்தில் வாலால் சரளையைக் கிளறிப் பள்ளம் பறித்து, முட்டையிட்டு மூடிவிடும். சரளையின் இடுக்குகளில் நீர் ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு. மேலே வண்டல் படிந்தால் முடிந்தது. ஆகவே குஞ்சுகள் சரளையை விட்டு வெளியேறிய பிறகே இயந்திரம் இறங்கியது. மேலும் கீழும் வலை கட்டி, இடையில் இருந்த மீன்களைக் கைவலையால் அள்ளி, காற்றுக் குழாய் பொருத்திய வாளியில் மேலோடைக்குக் கொண்டு போனோம். வாளியில் விரல் நீளக் குஞ்சு ஒன்று, பக்கவாட்டில் யாரோ கட்டைவிரல் மை வைத்து ஒற்றியதுபோல் வரிசையாகக் கறைகளோடு, அசையாமல் நின்று எங்களைப் பார்த்தது. உடன் வந்த சிறுவர்கள் வாளியை விட்டு நகரவில்லை.

ஒரு தவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் ஒப்பந்ததாரரின் ஆள் சல்லடை மாட்டாமல் பம்பை இயக்கிவிட்டார். சில நிமிடங்கள்தான். வெளியேற்றுக் குழாயின் முனையில் செத்துக் கிடந்த குஞ்சுகளை நானே பொறுக்கினேன். அனுமதி ஆணையின் நிபந்தனைப்படி அன்றே எழுதித் தெரிவித்தேன். இதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று சில உறுப்பினர்கள் வருத்தப்பட்டார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் அடுத்த முறை அனுமதி கேட்க எந்த முகத்தோடு போவது?

கரையோரப் புதர்களை ஒரு கரையில் மட்டும் வெட்டினோம். எதிர்க்கரை அடுத்த ஆண்டு. தாழ்ந்த கிளைகளைக் கழித்தோம், மேல்கிளைகளை நிழலுக்காக விட்டுவைத்தோம். நிழல் போனால் கோடையில் நீர் சூடேறிக் குஞ்சுகள் தாங்கா. வளைவில் விழுந்த மரம் அங்கேயே இருக்கிறது. குப்பையைப் பிடித்து வைக்கும் கொப்புகளை மட்டும் அறுத்துவிட்டு, அடிமரத்தைக் கம்பி வடத்தால் கரையோடு பிணைத்திருக்கிறோம்.

வீட்டுக்குள் சேறு புகுந்த குடும்பங்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். மீனைப் பற்றி இவ்வளவு பேச்சா என்று அவர்களுக்குத் தோன்றினால் அதில் நியாயம் உண்டு. பாலம் வரும்வரை அவர்கள் வீட்டுக்கு முன் மணல் மூட்டை அடுக்குவதைச் சங்கமே ஏற்கும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. ஆள் போதவில்லை, பெயர் கொடுங்கள்.

கடைசியாக, மீட்புப் பணிக்கு வாங்கிய கைவலைகளில் இரண்டு திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும்.

செயலாளர்