பட்டறை நடத்தியதும் அனுபவம்தான்

ஐயா,

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்து, பம்ப் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் (பிற நிறுவனங்களின் ஆர்டருக்குக் கூலி வேலை) செய்துவந்தேன். பில் பணம் மாதக்கணக்கில் இழுத்தடித்ததால் மூடிவிட்டு வேலை தேடுகிறேன். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் கறாராகக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராதே!

இன்டர்வியூவில் தவறாமல் வரும் கேள்வி: “முதலாளியாக இருந்தவர், இங்கே அடுத்தவர் சொல்படி நடப்பீர்களா?” ஜாப் ஒர்க் செய்தவனுக்கு வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் மேலாளர்தான். ஷாஃப்ட் அளவு 20 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, கூடினால் பேரிங் ஏறாது. மொத்த லாட்டும் திரும்பி வந்துவிடும். அந்தக் கண்டிப்பில் பழகியவன் நான். இதைச் சொன்னதும் உற்பத்திப் பிரிவு அதிகாரிகளுக்குப் புரிந்துவிடுகிறது. அடுத்து மனிதவளப் பிரிவில், முன்பு வேலை பார்த்த நிறுவனம் தரும் ரிலீவிங் லெட்டரும் சம்பளச் சீட்டும் கேட்கிறார்கள். அங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது.

என்னிடம் சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது. ஜிஎஸ்டி ரிட்டர்னும் வருமான வரிக் கணக்கும் இருக்கின்றன. நிறுவனங்கள் இவற்றை அனுபவச் சான்றாக ஏற்க வேண்டும். வேலைவாய்ப்பு முகாம் நடத்தும் மாவட்ட நிர்வாகமும் இதை அவர்களிடம் வலியுறுத்த வேண்டும்.

- முன்னாள் பட்டறை உரிமையாளர், கணபதி, கோவை