முன்வரிசைக்கு ஓட வேண்டாம், பிள்ளை

யாழ்ப்பாணம்

அன்புள்ள மகளுக்கு,

நீயும் சினேகிதியும் சிங்கப்பூர் நேஷனல் ஸ்ரேடியத்தில் நடக்கிற இசை நிகழ்ச்சிக்கு நின்று பார்க்கிற ரிக்கெற் எடுத்திருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னா. நல்ல சந்தோசம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதுதான் எழுதுகிறேன். முதலாவதும் பெரியதுமான விசயம் இது: மேடைக்கு முன்னுக்கு, வேலியோடு ஒட்டி நிற்க வேண்டும் என்று ஓட வேண்டாம். பாட்டுக் கேட்கவும் அது நல்ல இடமில்லை, உடம்புக்கும் நல்ல இடமில்லை.

பாட்டை முதலில் சொல்கிறேன். பெரிய மேடைகளில் பிரதான ஸ்பீக்கர்களை இரண்டு பக்கமும் உயரத்தில் வரிசையாய்த் தொங்கவிடுவார்கள். அவை தூரத்துச் சனத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதனால் மேடையடியில் நிற்பவர்களுக்குப் பாடுகிறவரின் குரல் தலைக்கு மேலால் போய்விடும். பேஸ் என்கிற அடிச்சத்தம் தரும் பெரிய பெட்டிகளோ நிலத்தில், அவர்களின் நெஞ்சுக்கு நேரே இருக்கும். அந்தக் குறையை நிரப்ப மேடை விளிம்பில் சின்ன ஸ்பீக்கர்கள் வைத்தாலும், அங்கே கேட்பது கலந்து சரிசெய்த பாட்டு இல்லை. திடலில் மேடைக்கு நேர் எதிரே, வேலி போட்ட ஒரு கூடாரத்துக்குள் மிக்சர் மேசை இருக்கும். ஒலிப் பொறியியலாளர் தன் காதை வைத்து எல்லாவற்றையும் சரிசெய்வது அந்த இடத்தில். அதற்குக் கொஞ்சம் முன்னுக்கு, நடுவிலிருந்து சற்றே ஒரு பக்கம் விலகி நில்லுங்கள். சரி நடுவில் நின்றால் இரு பக்க அடிச்சத்தமும் ஒன்றாய்ச் சேர்ந்து இடிக்கும்.

இன்னும் பின்னுக்குப் போனால் வேறொரு சிக்கல். ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர்தான் போகும். 100 மீற்றர் தள்ளி நின்றால் பெரிய திரையில் வாய் அசைந்து 0.3 செக்கன் கழித்தே குரல் வரும். அதற்காக இடையில் ஸ்பீக்கர் கோபுரங்கள் வைத்து, மேடையிலிருந்து வரும் சத்தத்தோடு பொருந்துமாறு அவற்றின் சத்தத்தைக் கணக்காய்ப் பிந்தி விடுவார்கள். அந்தக் கணக்குப் பிசகினால், கோயில் திருவிழாவில் வீதிக்கு வீதி கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சொல்லிச் சொல் குழம்புவதைப் போலத்தான் கேட்கும். அந்த ஸ்ரேடியத்தின் கூரை 310 மீற்றர் அகலக் குவிமாடம். மூடியிருக்கும்போது எதிரொலியும் கூடும். ஆகவே அதிகம் பின்னுக்கும் போக வேண்டாம்.

காது. 85 டெசிபெல் சத்தத்தை 8 மணித்தியாலம் தாங்கலாம் என்பது வேலைத்தளங்களுக்கான ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88க்கு 4 மணித்தியாலம், 91க்கு 2 என்று இறங்கி 100க்கு வரும்போது 15 நிமிசம்தான். இப்படியான நிகழ்ச்சிகளில் 100 சாதாரணம், நீங்கள் நிற்கப்போவதோ இரண்டரை மூன்று மணித்தியாலம். உட்காதில் சத்தத்தை உணரும் மயிர்க்கலங்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை, இரைச்சல் காதோடு தங்கிவிடும். பஞ்சு வைத்துப் பிரயோசனமில்லை. ஃபோம் இயர்பிளக் ஆளுக்கு இரண்டு சோடி வாங்குங்கள். விரலால் மெல்லிய குச்சியாய் உருட்டி, மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிசம் விரலால் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைத்ததில் பயனில்லை. ஃபோம் கீச்சென்ற மேல் சத்தத்தைக் கூடுதலாய் வெட்டுவதால் பாட்டு மந்தமாய்க் கேட்கும். காசு பார்க்காமல், வடிகட்டி உள்ள இசைக்கலைஞர் இயர்பிளக் வாங்கினால் பாட்டின் வடிவு கெடாமல் சத்தம் மட்டும் குறையும். நான் அதைத்தான் சொல்வேன்.

இனிச் சனநெரிசல். 2024 பெப்ரவரியில் எங்கள் முற்றவெளியில் தடுப்புகள் தாண்டிச் சனம் பாய்ந்து நிகழ்ச்சி தடைப்பட்டது உனக்குத் தெரியும். 2021 நவம்பரில் ஹூஸ்ரனில் ஒரு இசை நிகழ்ச்சியில் 10 பேர் செத்தார்கள். நெரிசலில் அநேகமானோர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்றபடியே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு அடைத்துச் சாகிறார்கள். ஒரு சதுர மீற்றருக்குள் நாலு பேர் மட்டும் நின்றால் நடமாடலாம். ஆறு ஏழு என்று வந்தால் சனம் தண்ணீர் மாதிரி அலையாய் அசையும், தனி ஆளுடைய பலம் அங்கே எடுபடாது. எண்ணிப் பார்க்கத் தேவையில்லை: இரண்டு தோளிலும் ஆட்கள் முட்டி, கையை முகத்துக்குக் கொண்டுவரக் கஷ்டமாயிருந்தால் அப்போதே வெளிக்கிட வேண்டும். பாட்டு முடியட்டும் என்று நிற்கக் கூடாது. கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பிடி. தள்ளுக்கு எதிராய்த் தள்ளாதே. அலை ஓய்கிற நேரம் பார்த்துக் குறுக்காய், ஓரப்பக்கமாய் அடியடியாய் நகரு. போன் விழுந்தால் குனிந்து எடுக்காதே, போகட்டும்.

மத்தியானம் சோறு வடிவாய்ச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். கனநேரம் அசையாமல் நின்றால் இரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். முழங்காலை விறைப்பாய் வைக்காமல் இடைக்கிடை குதிக்காலை உயர்த்தி இறக்கு. செருப்பு வேண்டாம், மூடிய சப்பாத்துப் போடு. பை ஏ4 தாளை விடச் சிறிதாயிருக்கட்டும். உள்ளுக்கு எதை விடமாட்டார்கள் என்று ஏற்பாட்டாளரின் மின்னஞ்சலில் இருக்கும், போவதற்கு முதல் நாள் திரும்ப வாசி.

ரிக்கெற் இரண்டும் உன்னுடைய கணக்கிலேயே இருந்தால், ஒன்றைச் சினேகிதியின் கணக்குக்கு மாற்றிவிடு. அப்போது வாசலில் பிரிந்தாலும் அவரவர் போனைக் காட்டி உள்ளே போகலாம். ஸ்கிரீன்ஷொட்டை நம்ப வேண்டாம். சில ரிக்கெற்றுகளில் பார்கோட் சில செக்கனுக்கு ஒருக்கால் மாறும். ஸ்ரேடியம் நிறைந்தால் 55,000 பேர் வரை, அவ்வளவு பேரும் ஒரே நேரம் போன் தட்டினால் டேற்றா அசையாது. அறையை விட்டு வெளிக்கிட முதலே ரிக்கெற்றைப் போனில் திறந்து வைத்துக்கொள். உள்ளே போனவுடன் ஒரு வாசல் இலக்கத்தைச் சந்திக்கும் இடமாய்ப் பேசி வையுங்கள். சிங்கப்பூரில் அம்புலன்சுக்கு 995, பொலிசுக்கு 999.

பயணத்துக்கு வருகிறேன். பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை போய் அங்கிருந்து மாறலாம் என்று உன் சினேகிதி சொன்னாளாம். தனித்தனி ரிக்கெற் என்றால் சென்னையில் குடிவரவு தாண்டிப் பெட்டி எடுத்துத் திரும்பப் போட வேண்டும், அதற்கு இந்திய வீசா வேண்டும். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து நேரே போவதே நல்லது, நாலு மணித்தியாலம் அளவில்தான். அவள் இங்கிருந்து புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாய்ப் போகும் இரவு பஸ்ஸில் ஏறட்டும், நீ வவுனியாவில் சேர்ந்துகொள். நிகழ்ச்சிக்கு முதல் நாளாவது சிங்கப்பூரில் இறங்கிவிட வேண்டும்.

சுற்றுலாவுக்கு இலங்கைப் பாஸ்போட்டுக்கு அங்கே முன்கூட்டி வீசா தேவையில்லை. பாஸ்போட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். இறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் எதுவும் அரசாங்கத்துடையது இல்லை. திரும்பும் ரிக்கெற்றையும் தங்கும் விடுதி விலாசத்தையும் இரண்டு பேரும் தனித்தனியாய்த் தாளில் வைத்திருங்கள். அங்கேயிருக்கிற ஆருக்கோ என்று இன்னொருவர் கட்டித் தரும் பார்சலை, அது ஒடியல் மா என்று சொன்னாலும், வாங்க வேண்டாம். அங்கே போதைப்பொருள் சட்டம் மரணதண்டனை வரை போகும். கோடீன் கலந்த இருமல் பாணியும் சுயிங்கமும் வேண்டாம். பவர்பாங்க் கைப்பையில்தான் வைக்கலாம். 20,000 மில்லிஅம்பியர்-அவர் (mAh) என்றால் 74 வாற்-அவர் (Wh), 100 என்ற எல்லைக்குள் இருக்கிறது.

தங்குவதற்கு லிட்டில் இந்தியா நல்லது, சாப்பாட்டுக்கும் கஷ்டமில்லை. ரெயினுக்கு வங்கி அட்டையைத் தட்டிப் போகலாம், ஆனால் ஒரு அட்டையில் ஒரு ஆள்தான். போகும்போது டவுன்டவுன் லைனில் புரொமனாட் வந்து, சேர்க்கிள் லைனுக்கு மாறி ஸ்ரேடியம் நிலையத்தில் இறங்குங்கள். திரும்பும்போது அந்த நிலையத்து வாசலில் எல்லாரும் குவிவார்கள். நீங்கள் காலாங் நிலையத்துக்கு நடவுங்கள். அங்கிருந்து லவெண்டர் தாண்டிப் புகிஸ், அங்கே டவுன்டவுன் லைன். கடைசி ரெயின் நேரத்தை அன்று பின்னேரமே பார்த்து வை. கடைசிப் பாட்டுக்கு முன்னமே வெளிக்கிட்டால் நெரிசல் இல்லை. விரும்பாவிட்டால் அரை மணித்தியாலம் உள்ளேயே ஆறுதலாய் இருந்துவிட்டு வாருங்கள். இரண்டுக்கும் நடுவில் எழும்புவதுதான் பிழை.

அடுத்த நாள் நேரமிருந்தால் சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் கட்டி வளர்த்த கோயில், ஒருக்கால் போய்க் கும்பிட்டு வாருங்கள். அங்கே நேரம் எங்களை விட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. நிகழ்ச்சி முடிந்து அறைக்கு வந்தவுடன் எந்த நேரமானாலும் அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போடு.

அன்புடன்,
அப்பா