சிவப்பில் இருந்த பெயர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிறு நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் குழம்பு இருந்தது. நீ பாடம் எடுக்கும் பிபிஏ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டருக்கு எத்தனை மணி நேரம், சாஃப்ட் ஸ்கில்லுக்கு, அதாவது ஆட்களோடு பேசிப் பழகும் திறமைக்கு, எத்தனை மணி நேரம் ஒதுக்கலாம் என்றாய். இரண்டையும் பிரிக்காதே என்பேன்.

சென்ற வருடம் கடலூர் முதுநகரில், படகுக்காரர்களுக்குக் கயிறும் பெயிண்டும் விற்கும் நம் கடைக்கு ஒரு பையன் வேலைக்கு வந்தான். பிபிஏ முடித்தவன், கெட்டிக்காரன். கணக்கு எழுதும் டேலி மென்பொருளில் பாக்கிப் பட்டியலை எடுத்து எக்ஸெலில் போட்டு, யார் முப்பது நாள், யார் அறுபது, யார் தொண்ணூறைத் தாண்டியவர் என்று பத்து நிமிடத்தில் பிரித்துவிட்டான். பேரேட்டைப் புரட்டிய காலத்தில் எனக்கு அதற்கு ஒரு நாள் போகும். பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் சிவப்பில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி போட்டான்: 'தவணை கடந்துவிட்டது, உடனே செலுத்தவும்.'

அது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகெல்லாம் கரையில். கயிறும் பெயிண்டும் கடனுக்கு வாங்கிப் படகைச் சரி பார்ப்பதே அந்த நாட்களில்தான். பணம் வருவது கடலுக்குப் போன பிறகு. துறைமுகத்தில் டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரியும் இது, டேலிக்குத் தெரியாது.

இருபது வருடமாக வாங்கும் படகுக்காரர் ஒருவர், வட்டிக்கு எடுத்த பணத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே அக்கா" என்றார். அதன் பிறகு கடைப் பக்கமே வரவில்லை. பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் படித்த இடத்தில் சாஃப்ட் ஸ்கில் என்றால் டை கட்டுவதும், தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி ஒப்பிப்பதும்தானாம்.

அதனால் உன் பிள்ளைகளிடம் ஒரு பாக்கிப் பட்டியலைக் கொடு. கற்பனைப் பெயர்களாகவே இருக்கட்டும். அவர்களே எக்ஸெலில் பிரிக்கட்டும். யாருக்கு முதலில் போன், யார் வீட்டுக்கு நேரில் போக வேண்டும், யாரை ஒரு மாதம் விட்டுவைக்கலாம் என்று முடிவு செய்து, அந்தப் போனை வகுப்பிலேயே தமிழில் பேசட்டும். மறுமுனையில் நீ உட்கார்ந்து கோபித்துக்கொள்.

ஜிஎஸ்டியும் அப்படித்தான். சரக்கு கொடுத்தவர் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற தன் விற்பனைக் கணக்கில் நம் பில்லை ஏற்றாவிட்டால், 14ஆம் தேதி நமக்கு வரும் 2பி என்ற கொள்முதல் பட்டியலில் அது இருக்காது. அந்தப் பில்லில் நாம் கொடுத்த வரியை, நாம் கட்ட வேண்டிய வரியில் அந்த மாதம் கழிக்க முடியாது. நம் பில்களையும் அந்தப் பட்டியலையும் பொருத்திப் பார்க்க எக்ஸெல் போதும். ஆனால் 9ஆம் தேதியே கூப்பிட்டு, "அண்ணே, நம்ம பில்லு ஏறிடுச்சா?" என்று அவர் முகம் சுளிக்காதபடி கேட்கவும் தெரிய வேண்டுமே.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அப்புறம், ஒரே ஆளின் பெயர் இரண்டு மூன்று விதமாக எழுதியிருந்தால் எக்ஸெலில் ஒன்றாக்குவது எப்படி என்று காட்டினாயே, மறந்துவிட்டது. ஞாயிறு கூப்பிடும்போது சொல்லு. போன தடவை மாதிரி அவசரப்படாமல்.

அம்மா