அதை வாலஸ் கோடு என்று எழுதுங்கள்

வடிவியல் நூல்களும் கணிதப் போட்டிகளுக்கான பாடக்குறிப்புகளும் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். முக்கோணத்தின் சுற்றுவட்டத்தில், அதாவது மூன்று முனைகள் வழியாகவும் செல்லும் வட்டத்தில், ஏதாவது ஒரு புள்ளியை எடுத்து, அங்கிருந்து மூன்று பக்கங்களுக்கும் செங்குத்து வரைந்தால், அவை பக்கங்களைத் தொடும் மூன்று அடிப்புள்ளிகளும் ஒரே நேர்க்கோட்டில் விழும். சில சமயம் பக்கத்தைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். முதல்முறை வரையும் பிள்ளைகள் ஸ்கேலை வைத்துப் பார்த்த பிறகும் நம்பமாட்டார்கள். இதைத்தான் நீங்கள் 'சிம்சன் கோடு' என்று எழுதுகிறீர்கள். அதை மாற்றக் கேட்டே இந்த மடல்.

ராபர்ட் சிம்சன் கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த பெரிய அறிஞர், யூக்ளிடின் வடிவியல் நூலைப் பதிப்பித்தவர். அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் எழுதியவற்றில் இந்தக் கோடு எங்கும் இல்லை. பிரெஞ்சுக் கணிதர் செர்வுவா, இது சிம்சனுடையது என்று தாம் நினைப்பதாக எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதையே உறுதியாக்கிவிட்டார்கள். 1799-இல் இதை அச்சில் தந்தவர் வில்லியம் வாலஸ். சிம்சன் இறந்தது 1768 அக்டோபர் 1. வாலஸ் பிறந்து அப்போது எட்டு நாள்தான் ஆகியிருந்தது!

ஸ்காட்லாந்தின் டைசர்ட் ஊர்க்காரர் வாலஸ். அப்பாவின் தோல் வியாபாரம் நொடித்துப்போய்க் குடும்பம் எடின்பரோவுக்கு வந்தது. பையன் புத்தகம் கட்டும் பட்டறையில் வேலை பழகினார். கணிதத்தைத் தானாகவே படித்துத் தேர்ந்தார். பேராசிரியர் ராபிசன் தம் வகுப்புகளில் உட்கார அனுமதித்தார். அப்புறம் பெர்த்தில் பள்ளி ஆசிரியர், கிரேட் மார்லோ ராணுவக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1819-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தவர்களில், கணினிக்கு முன்னோடியான இயந்திரங்களை வடிவமைத்த சார்ல்ஸ் பாபேஜும் ஒருவர். பதவி கிடைத்தது வாலஸுக்கு.

எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது வேறொரு விஷயத்தால். பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்கு மூடியிருந்த அந்தக் காலத்தில், பின்னாளில் அறிவியல் எழுத்தாளராகப் புகழ்பெற்ற மேரி சாமர்வில்லுக்குக் கடிதம் மூலம் வழிகாட்டியவர் அவர். எந்தெந்தப் பிரெஞ்சு நூல்களைப் படிக்க வேண்டும் என்று பட்டியலும் தந்தார். நுண்கணிதத்தில் நியூட்டனின் புள்ளிக் குறியீட்டைப் பிரிட்டன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தபோது, மற்ற ஐரோப்பிய நாடுகள் பயன்படுத்திய dy/dx போன்ற குறியீட்டில் நுண்கணிதத்தை ஆங்கிலத்தில் எழுதிய முன்னோடிகளிலும் ஒருவர். வரைபடங்களைச் சிறிதாகவும் பெரிதாகவும் நகலெடுக்க 'ஐடோகிராஃப்' என்ற கருவியையும் உருவாக்கினார். உடல்நலம் குன்றி 1838-இல் ஓய்வு பெற்றார், 1843-இல் இறந்தார்.

எடின்பரோ ஆசிரியர் ஜே. எஸ். மக்கே பழைய நூல்களைத் தேடிப் பார்த்து இந்தப் பெயர்க் குழப்பத்தை எடுத்துச் சொல்லி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் நாம் பழையபடியே எழுதிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

அடுத்த பதிப்பில் 'வாலஸ் கோடு' என்று போடுங்கள். பழைய பெயரில் தேடும் மாணவர்களுக்காக 'வாலஸ்-சிம்சன் கோடு' என்று போட்டாலும் சரி. படத்துக்குக் கீழே 1799 என்ற ஆண்டையும், அவர் புத்தகம் கட்டும் தொழிலாளியாக இருந்தவர் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்