படிவத்தில் மலைக்கு ஒரு கட்டம் வேண்டும்

கல்லூரிகளை வகைபிரித்து ஒப்பிடும் உயர்கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். நீலகிரியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஆண்டுதோறும் உங்கள் கணக்கெடுப்புப் படிவங்களை நிரப்புவதும் என் தலையில்தான். போன வாரம் ஓர் ஆய்வுக் கூட்டத்தில் திரையில் பட்டியல் போட்டார்கள். சமவெளிக் கல்லூரிகள் மேலே, நாங்கள் கடைசிக்குப் பக்கத்தில். "ஏன் இவ்வளவு இடைநிற்றல்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு நிமிடம் தந்தார்கள்.

சேரம்பாடிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு மாணவி வந்துகொண்டிருந்தாள். இருட்டோடு கிளம்பி, முதல் பஸ்ஸைப் பிடித்து, கூடலூரில் மாறி, பாதி நாள் இரண்டாவது வகுப்புக்குத்தான் வந்து சேருவாள். ஜூலை மழையில் எங்காவது மண் சரிந்தால் அதுவும் இல்லை. மாலையில் பஸ் பிந்தினால் யானை நிற்கும் வழியில் நடக்க வேண்டும் என்று அப்பா ரோட்டிலேயே காத்திருப்பாராம், அதனால் அவருக்கு வேலை கெடும். இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டாள். படிவத்தில் அவளைக் கழித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

கிராமமா நகரமா என்று கேட்கிறீர்கள், சரி. மலையா சமவெளியா என்று கேட்கக் கூடாதா?

2016இல் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை தொடங்கி, மறு ஆண்டே கல்லூரிகளுக்குத் தனிப் பிரிவு வந்தது. 2024இல் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களையும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களையும் தனியாகப் பிரித்தீர்கள். ஆக, மனம் வைத்தால் பிரிக்க முடிகிறது. அமெரிக்காவில் 1973இல் வெளியான கார்னகி வகைப்பாடுகூட யார் முதல் என்று சொல்ல வந்ததல்ல, ஒரே மாதிரிக் கல்லூரிகளைச் சேர்த்துப் பார்க்க வந்தது.

வெளிமாநில மாணவர் சேர்ந்தால் மதிப்பெண் தருகிறீர்கள். கேரளத்து சுல்தான் பத்தேரியிலிருந்து ஒரு பையன் வந்தால் எங்கள் பன்முகத்தன்மை கூடுகிறது, எல்லைக்கு இந்தப் பக்கத்துச் சேரம்பாடிப் பெண் எத்தனை பஸ் மாறினாலும் கூடாது! பிறர் எங்களைப் பற்றி நினைப்பதற்கு நூற்றுக்குப் பத்து மதிப்பெண். மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், முழுசாகப் போடுவார்கள். இ-பாஸ் எடுத்து மலையேறும் கார்களை ஒன்றுவிடாமல் எண்ணத் தெரிகிறது, ஆனால் இங்கே படிக்க வரும் பிள்ளைக்குப் பஸ் இருக்கிறதா என்று எண்ண ஆளில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான்: படிவத்தில் மலைக்கு ஒரு கட்டம். எங்களைக் கொடைக்கானல், வால்பாறைக் கல்லூரிகளோடு வைத்துப் பாருங்கள். அதிலும் கடைசி என்றால் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டே சேர்த்தால் முதலில் நிரப்பி அனுப்புவது நானாகத்தான் இருக்கும், அன்றைக்குக் கரண்டும் நெட்டும் இருந்தால்.

இப்படிக்கு,
நீலகிரியிலிருந்து ஓர் ஆசிரியர்